வேண்டாம் என்று சொன்னவர்களின் நகரம்

1800ஆம் ஆண்டு யார்க் நகராட்சி, ஊரைச் சுற்றி நின்ற கோட்டை மதிலை இடித்துத் தள்ள அனுமதி கேட்டு நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் காதில் விழக்கூடியவை. பராமரிப்புக்குச் செலவாகிறது, வாசல்கள் குறுகலாக இருப்பதால் வண்டிகள் போக முடியவில்லை, எதிரிகள் படையெடுத்து வந்த காலம் மலையேறிவிட்டது. ஊருக்குள்ளிருந்தே எதிர்ப்புக் கிளம்பியதால் அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. ஆனாலும் அடுத்து வந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைத்தார்கள். வாசல்களுக்கு முன்னால் நீண்டிருந்த முன்கோட்டைகளில் மூன்றை உடைத்தார்கள். மதிலின் சில பகுதிகளும் போயின.

அந்த நேரத்தில்தான் வில்லியம் எட்டி என்ற ஓவியர் எழுந்தார். 1787இல் யார்க்கில் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். லண்டனில் பெயர் வாங்கியவர். பிறந்த ஊரில் மதில் இடிபடுவதைக் கேள்விப்பட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதினார், ஊர்க்காரர்களைத் திரட்டினார். கடைசியில் இடிப்பு நின்றது. இன்று சுமார் 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த மதிலின் மேல் நடக்கலாம். இங்கிலாந்தில் இவ்வளவு நீளமான இடைக்கால நகர மதில் வேறு எந்த ஊரிலும் இல்லை.

பழைய ஊர்கள் பழமையினாலேயே தப்பிப் பிழைக்கின்றன என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். யார்க்கில் நானும் என் கணவரும் சுற்றித் திரிந்த அந்த ஒரு நாள் அந்த எண்ணத்தை அடியோடு மாற்றியது. அங்கே நாங்கள் பார்த்த ஒவ்வொன்றுக்கும் பின்னால், ஏதோ ஒரு கட்டத்தில் யாரோ ஒருவர் வேண்டாம் என்று சொல்லிக் குறுக்கே நின்றிருக்கிறார்.

அது மார்ச் மாதக் கடைசி. லீட்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் யார்க். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். எலுமிச்சைச் சாதமும் ஃபிளாஸ்கில் காப்பியும் கட்டிக் கொடுத்தாள் மகள். மருமகன் பறவை பார்க்க வைத்திருந்த பைனாகுலரைப் பையில் போட்டுக்கொடுத்து, "மாமா, சர்ச் ஜன்னலையெல்லாம் இதுல பாருங்க, அப்பத்தான் தெரியும்" என்றார். நாள் முழுக்க எங்களுக்கு அதைவிடப் பயன்பட்ட பொருள் வேறில்லை.

என் கணவர் சிவில் என்ஜினியர். பணி ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகியும் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தூணின் அடியைப் பார்ப்பார், பிறகு விரிசல் தேடுவார். எனக்கு அங்கே யார் வாழ்ந்தார்கள், யார் செத்தார்கள் என்பது தெரிய வேண்டும். இந்த வித்தியாசத்தால் எங்கள் பயணங்கள் எப்போதும் மெதுவாகவே நகரும். யார்க்குக்கு அந்த வேகம் பொருந்தியது.

யார்க் ரயில் நிலையமே ஒரு காட்சி. 1877இல் திறக்கப்பட்டது. தண்டவாளம் வளைந்து போவதால் இரும்பு வளைவுகள் தாங்கும் அந்தப் பெரிய கூரையும் கூடவே வளைந்து போகிறது. பிளாட்பாரத்தின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாது. வெளியே வந்ததும் எதிரே மதில். அதன் அடியில் சரிந்து இறங்கும் மண்கரை முழுக்க டாஃபடில் பூக்கள், மஞ்சளாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மேலே ஏறி நடந்தோம். நடைபாதையில் இரண்டு பேர் சேர்ந்து போகலாம், எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். 1841இல் ரயிலை ஊருக்குள் கொண்டுவர மதிலைக் குடைந்து வளைவுகள் போட்டிருக்கிறார்கள். அந்தப் பழைய நிலையக் கட்டடத்தில் இப்போது நகராட்சி அலுவலகம் நடக்கிறது. மதிலை இடிக்க மனுப் போட்ட நகராட்சியின் இன்றைய வாரிசுகள் ஜன்னலைத் திறந்தால் மதில் முகத்தில்தான் விழிக்க வேண்டும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஊஸ் ஆற்றைக் கடந்தால் மியூசியம் கார்டன்ஸ் என்ற பெரிய பூங்கா. அங்கே ரோமானியர்களின் கோட்டை மூலைக் கோபுரம் ஒன்று, பத்துப் பக்கங்களோடு நிற்கிறது. ரோமானியர்கள் கி.பி. 71இல் இந்த ஊரை எபோராக்கம் என்ற பெயரில் ராணுவக் கோட்டையாக நிறுவினார்கள். பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் 211இல் இங்கேதான் இறந்தார். 306இல் கான்ஸ்டன்டைனை அவருடைய தந்தையின் படைவீரர்கள் பேரரசராக அறிவித்ததும் இங்கேதான்.

"இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார் என் கணவர். கோபுரச் சுவரில் கீழ்ப்பாதி சின்னச் சின்னக் கற்கள். எல்லாம் ஒரே அளவு, வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தது. அதன் நடுவே சிவப்பு ஓடுகளை வைத்து ஒரு பட்டை ஓடியது. அதற்கு மேலே திடீரென்று கற்கள் பெரிதாகி, அம்பு எய்யும் சந்துகள் தொடங்கின. "கீழ இருக்கறது ரோமன் வேலை. மேல இருக்கறது ஆயிரம் வருஷம் கழிச்சு வந்தவங்க கட்டினது. அவங்க பழசை இடிக்கல, அதுமேலயே ஏத்திட்டாங்க. அஸ்திவாரத்தை நம்பியிருக்காங்க பாரு" என்றார். இரண்டு காலமும் சேரும் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கீழே கல் வழவழப்பாகவும் மேலே சொரசொரப்பாகவும் இருந்தது.

அதே பூங்காவில் செயின்ட் மேரி மடத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. 1088இல் தொடங்கி, வட இங்கிலாந்தின் மிகப் பணக்கார மடங்களில் ஒன்றாக வளர்ந்தது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1539இல் இதுவும் மூடப்பட்டது. பிறகு அது கல் எடுக்கும் இடமாகிவிட்டது. வேண்டியவர்கள் வேண்டிய கல்லைக் கொண்டுபோனார்கள். இன்று மிஞ்சியிருப்பது ஒரு பக்கச் சுவரும், அதில் வரிசையாகக் கண்ணாடி இல்லாத ஜன்னல் வளைவுகளும்தான். அந்த வளைவுகளுக்கு அடியில் புல்லில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். குறுக்கே நிற்க ஒருவரும் இல்லாவிட்டால் ஒரு பெரிய கட்டடம் என்ன ஆகும் என்பதற்கு அந்த மடம் சாட்சி. அதைப் பார்த்துவிட்டுப் பேராலயத்துக்குள் போனதால்தான் அங்கே நின்ற ஒவ்வொரு கல்லின் அருமையும் எனக்குப் புரிந்தது.

யார்க் மின்ஸ்டர் என்பது அந்த ஊரின் பேராலயம். இப்போதிருக்கும் கட்டடத்தை 1220வாக்கில் தொடங்கி, 1472இல்தான் முடித்துப் புனிதப்படுத்தினார்கள். தெற்கு வாசலுக்கு வெளியே கான்ஸ்டன்டைன் வெண்கலத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், 1998இல் வைத்த சிலை. உள்ளே நுழைந்ததும் என் கணவர் கீழே போகும் படிக்கட்டைத் தேடினார். நான் ஜன்னல்களைத் தேடினேன். முதலில் அவர் வழிக்குப் போனோம்.

1960களில் பெர்னார்ட் ஃபீல்டன் என்ற கட்டடக் கலைஞர் இந்தப் பேராலயத்தைப் பரிசோதித்தார். சுவர்களில் விரிசல்கள் பெரிதாகிக்கொண்டு போவதையும், நடுக்கோபுரம் தன் பாரத்தால் மண்ணுக்குள் அழுந்திக்கொண்டிருப்பதையும் கண்டார். உடனே வேலையை ஆரம்பிக்காவிட்டால் கோபுரம் விழுந்துவிடும் என்பது அவர் முடிவு. 1967 முதல் 1972 வரை அடியில் தோண்டி, பழைய கல் அஸ்திவாரத்தைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை ஊடுருவச் செலுத்தி முறுக்கிக் கட்டினார்கள். அப்படித் தோண்டும்போது ரோமானியக் கோட்டையின் தலைமையகமே கீழே கிடைத்தது. அந்த இடம் இப்போது நிலத்தடி அருங்காட்சியகம்.

கீழே இறங்கியதும் என் கணவரின் பேச்சு நின்றுபோனது. ஒரு பக்கம் ரோமானியச் சுவர், இன்னொரு பக்கம் நார்மானியர்களின் அஸ்திவாரம், அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டுக் கான்கிரீட். கான்கிரீட்டின் முகத்தில் கம்பிகளின் நுனிகள் வரிசையாகத் தெரிந்தன. எதையும் பூசி மறைக்கவில்லை. "மேல அத்தனை டன் நிக்குது. அதுக்கு அடியில தோண்டணும்னா என்ன தைரியம் வேணும் தெரியுமா? ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமா எடுத்துட்டா போச்சு" என்றார். பிறகு, "விழுந்துடும்னு சொல்றது சுலபமில்ல. சொன்னா எல்லாரும் அடிக்க வருவாங்க. விழாம இருந்துட்டா பொய் சொன்னவன்னு பேர் வரும்" என்றார். தன் வேலைக் காலத்தில் எத்தனையோ பாலங்களையும் கட்டடங்களையும் பரிசோதித்தவர் அதைச் சொன்னபோது, அவர் இளமையில் வீட்டுக்கு வந்தும் தூங்காமல் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

மேலே வந்ததும் என் முறை. கிழக்குக் கோடியில் இருக்கும் பெரிய ஜன்னல் ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவு. கவென்ட்ரி ஊர்க்காரரான ஜான் தார்ன்டன் 1405இல் ஒப்பந்தம் போட்டு 1408இல் முடித்தது. வாரம் 4 ஷில்லிங், ஆண்டுக்கு 5 பவுண்டு, சொன்ன காலத்துக்குள் முடித்தால் கூடுதலாக 10 பவுண்டு என்பது கணக்கு. ஆக மொத்தம் 56 பவுண்டு. சொன்னபடி முடித்துவிட்டு ஜன்னலின் உச்சியில் ஆண்டையும் தன் பெயரின் குறியையும் போட்டிருக்கிறார். பைபிளின் முதல் நூலில் வரும் படைப்புக் கதையும், கடைசி நூலில் வரும் உலக முடிவும் அதில் வரையப்பட்டிருக்கின்றன.

வெறும் கண்ணுக்கு அது நிறங்களின் பெருக்கு. பைனாகுலரை வைத்துப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றும் தனியாக வந்தது. படைப்பின் ஐந்தாம் நாள் கட்டத்தில் பறவைகளும் மீன்களும். உலக முடிவுக் கட்டங்களில் பல தலை விலங்குகள். எனக்கு விலங்குகளைவிட மனிதர்களின் முகங்கள் முக்கியமாகப் பட்டன. மெல்லிய பழுப்புக் கோட்டில் மூக்கையும் இமையையும் தலைமுடியையும் வரைந்திருந்தார் தார்ன்டன். கீழே நிற்கும் யாருக்கும் தெரியாத உயரத்தில், ஒவ்வொரு முகத்துக்கும் தனி உணர்ச்சி கொடுத்திருந்தார்.

அந்தக் கண்ணாடி இன்றும் அங்கே இருப்பதற்குப் பலருக்கு நன்றி சொல்ல வேண்டும். உள்நாட்டுப் போரில் 1644 ஜூலையில் மார்ஸ்டன் மூரில் அரசர் படை தோற்று, யார்க் நாடாளுமன்றப் படையிடம் சரணடைந்தது. கோயில்களில் படம் இருப்பதே பாவம் என்று நினைத்த தீவிரர்கள் நாடெங்கும் வண்ணக் கண்ணாடிகளை நொறுக்கிய காலம். வெற்றி பெற்ற படையின் தளபதிகளில் ஒருவரான தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் யார்க்ஷயர்க்காரர். அவர் இங்கே அதை அனுமதிக்கவில்லை. இரண்டு உலகப் போர்களின்போதும் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். கடைசியாக, இந்த நூற்றாண்டில் 311 கட்டங்களையும் கழற்றி, பழைய காலங்களில் ஒட்டுப்போட்ட ஈயக் கோடுகள் மறைத்திருந்த உருவங்களை மீட்டு, வெளிப்பக்கம் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டு 2018இல் வேலையை முடித்தார்கள்.

வடக்குப் பக்கம் ஐந்து சகோதரிகள் என்ற ஜன்னல். உயரமான ஐந்து பட்டைகள், சாம்பல் பச்சைக் கண்ணாடி. 13ஆம் நூற்றாண்டு வேலை. ஒரு லட்சத்துக்கும் மேல் கண்ணாடித் துண்டுகள். முதல் உலகப் போரில் உயிர்விட்ட பெண்களின் நினைவாக 1925இல் இதை அர்ப்பணித்தார்கள். பக்கத்தில் ஓக் மரப் பலகைகளில் அந்தப் பெண்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. செவிலியர்கள், ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். போர் நினைவுச் சின்னங்களில் பெண்களின் பெயரைத் தேடித் தேடி ஓய்ந்திருக்கிறேன். இங்கே வரிசையாக நின்றன. ஒவ்வொரு பலகையையும் வாசித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

தெற்குச் சிறகில் 1984 ஜூலை 9ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்தது. மின்னல்தான் காரணமாக இருக்கும் என்று முடிவு செய்தார்கள். தீ நடுக்கோபுரத்துக்குத் தாவாமல் இருக்க, எரிந்துகொண்டிருந்த கூரையைத் தீயணைப்பு வீரர்களே தண்ணீர் பாய்ச்சிச் சரித்துவிட்டார்கள். அந்தச் சிறகின் ரோஜா ஜன்னலில் சுமார் 7,000 துண்டுக் கண்ணாடிகள் இருக்கின்றன. வெப்பத்தில் 40,000 கீறல்கள் விழுந்தும் ஜன்னல் உதிரவில்லை. அதற்கு முன்பே ஈயச் சட்டங்களைப் புதுப்பித்திருந்தார்கள். புதிய கூரை 1988இல் தயாரானது. அதன் குமிழ்ச் சிற்பங்களில் ஆறுக்குத் தொலைக்காட்சிப் போட்டி வைத்துக் குழந்தைகளிடம் படம் வாங்கினார்கள். பைனாகுலரில் பார்த்தால் நிலவில் கால் வைத்த மனிதனும் திமிங்கிலங்களும் தெரிகின்றன. ஒரு பேராலயத்தின் கூரையைக் குழந்தைகளிடம் ஒப்படைக்கத் துணிந்தவர்களை நான் மனதார வணங்குகிறேன்.

மின்ஸ்டரை விட்டு குட்ராம்கேட் தெருவுக்கு வந்தோம். அங்கே லேடி ரோ என்ற வீட்டு வரிசை 1316இல் கட்டியது. யார்க்கில் மிஞ்சியிருக்கும் வீட்டு வரிசைகளில் அதுதான் மிகப் பழையது. அதன் பின்னால் ஒளிந்திருக்கிறது ஹோலி டிரினிட்டி தேவாலயம். தெருவில் ஒரு சின்ன வாயிலைத் தாண்டினால் சட்டென்று சத்தம் அடங்கிவிடுகிறது. தரை மேடும் பள்ளமும். இருக்கைகள் இடுப்புயர மரப் பெட்டிகளாக, ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி என்று கதவோடு இருக்கின்றன. ஒரு பெட்டியின் கதவைத் திறந்து இருவரும் உள்ளே உட்கார்ந்தோம்.

1834ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று ஆன் லிஸ்டர், ஆன் வாக்கர் என்ற இரு பெண்கள் இங்கே சேர்ந்து நற்கருணை பெற்றார்கள். அதையே தங்கள் திருமணமாக எடுத்துக்கொண்டார்கள். எந்தச் சட்டமும் எந்தப் பாதிரியாரும் அதை அப்போது திருமணம் என்று ஏற்றிருக்க மாட்டார்கள். லிஸ்டர் சுமார் 50 லட்சம் சொற்களில் நாட்குறிப்பு எழுதியவர். அந்தரங்கமான பகுதிகளைச் சங்கேத எழுத்தில் வைத்தவர். அந்த எழுத்து பின்னாளில் வாசிக்கப்பட்டதால்தான் அன்றைய நாளின் பொருள் உலகத்துக்குத் தெரிந்தது. வாயிலில் அவர்கள் நினைவாக வானவில் நிறங்கள் சுற்றிய வட்டப் பலகை ஒன்று இருக்கிறது. ஊர் கூடி நடந்த எங்கள் கல்யாணத்தை நினைத்துக்கொண்டேன். நாதஸ்வரமும் அட்சதையும் சொந்தபந்தமும் எங்களுக்குச் செய்ததையெல்லாம், இந்தப் பெண்கள் இருவரும் தாங்களே ஒருவருக்கொருவர் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அவர்களுடைய உறுதி என்னை மிகவும் தொட்டது.

அடுத்து ஷாம்பிள்ஸ். யார்க் என்றால் எல்லோரும் படம் எடுக்கும் சந்து அது. மாடிகள் தெருவின் மேல் துருத்திக்கொண்டு வந்து எதிர்வீட்டு மாடியை ஏறக்குறையத் தொடுகின்றன. அது அந்தக் காலத்து இறைச்சிக் கடைத் தெரு. வெயில் படாமல் இறைச்சி கெடாதிருக்க அந்த நெருக்கம் உதவியிருக்கிறது. கடை முகப்பில் இறைச்சியை வெட்டிப் பரப்பிய அகலப் பலகைகளும், தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளும் இன்னும் இருக்கின்றன. இப்போது மிட்டாய்க் கடைகளும் மந்திரக்கோல் கடைகளும்தான். கூட்டம் தாங்கவில்லை, வேகமாகக் கடந்தோம்.

ஆனால் ஒரு கதவின் முன்னால் நின்றோம். மார்கரெட் கிளிதரோவின் நினைவாக உள்ள சிறு வழிபாட்டு அறை அது. மார்கரெட் இந்தத் தெருவில் வாழ்ந்த இறைச்சிக் கடைக்காரர் ஜான் கிளிதரோவின் மனைவி. முதலாம் எலிசபெத் காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கு இடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். மார்கரெட் கத்தோலிக்கராக மாறியவர். கணவர் மாறவில்லை. அரசுத் தேவாலயத்துக்கு மார்கரெட் வராததற்காக விதித்த அபராதங்களைக் கணவர்தான் கட்டினார். பல முறை சிறைக்குப் போன மார்கரெட் அங்கேதான் படிக்கக் கற்றுக்கொண்டார். 1586இல் பாதிரியார்களை ஒளித்துவைத்ததாகப் பிடித்தபோது, குற்றவாளியா இல்லையா என்று பதில் சொல்லவே மறுத்துவிட்டார். விசாரணை நடந்தால் தன் பிள்ளைகளே தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிவரும் என்பது அவர் கவலை. பதில் சொல்லாதவர்களுக்கு அன்றைய சட்டம் வைத்திருந்த தண்டனையை நிறைவேற்றினார்கள். ஒரு கதவை மேலே போட்டு அதன்மேல் பாரம் ஏற்றிக் கொன்றார்கள். மார்ச் 25ஆம் தேதி. 1970இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது.

அந்த அறையில் உட்கார்ந்தபோது நான் ஜானைப் பற்றியும் நினைத்தேன். தான் நம்பாத ஒன்றுக்காக மனைவி கொடுத்த விலையில் தன் பங்கை அபராதமாகக் கட்டிக்கொண்டே இருந்தவர். வீட்டுக்குள் இரண்டு நம்பிக்கைகள் சேர்ந்து வாழ்வதை அரசு பொறுத்துக்கொள்ளவில்லை, அந்த வீடு பொறுத்துக்கொண்டது. என் கணவரிடம் இதைச் சொன்னேன். "அந்த ஆளைப் பத்தி யாரும் பேசறதில்ல போலிருக்கே" என்றார்.

ஊரின் தெற்குப் பக்கம் செங்குத்தான புல்மேட்டில் கிளிஃபோர்ட்ஸ் டவர் நிற்கிறது. நாங்கள் போனபோது மேடு முழுக்க டாஃபடில்கள். இப்போதுள்ள கல் கோபுரம் 13ஆம் நூற்றாண்டினது. அதற்கு முன்னால் அதே மேட்டில் ஒரு மரக் கோபுரம் இருந்தது. 1190 மார்ச் 16ஆம் தேதி, கலவரத்துக்குப் பயந்து யார்க்கின் யூதர்கள் சுமார் 150 பேர் அதற்குள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அரசரின் கோட்டை என்பதால் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பினார்கள். வெளியே கூட்டம் சூழ்ந்தது. அதைத் தூண்டிவிட்டவர்களில் யூதர்களிடம் பெருங்கடன் வாங்கியிருந்த பிரபுக்களும் இருந்தார்கள். தப்ப வழியில்லை என்று ஆனதும் உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தாரின் உயிரையும் தங்கள் உயிரையும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். மதம் மாறினால் விட்டுவிடுவோம் என்ற வாக்கை நம்பி வெளியே வந்தவர்களையும் கொன்றார்கள். பிறகு அந்தக் கூட்டம் மின்ஸ்டருக்குப் போய், அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களை எரித்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 1290இல் யூதர்கள் அனைவரையும் இங்கிலாந்தை விட்டே துரத்தினார்கள்.

மேட்டின் அடியில் 1978இல் வைத்த கல் ஒன்று இதைச் சொல்கிறது. டாஃபடிலின் ஆறு இதழ்கள் யூதர்களின் ஆறு முனை நட்சத்திரத்தை நினைவூட்டுவதால்தான் அந்த மேட்டில் அவற்றை நட்டார்கள். காலையில் மதிலடியில் அழகு என்று மட்டும் பார்த்த அதே பூவை, இங்கே என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. படியேறி மேலே போனோம். 2022இல் உள்ளே மரத்தில் ஒரு தளம் அமைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஊர் முழுவதும் தெரிகிறது. தூரத்தில் மின்ஸ்டர். கொலை நடந்த இடத்துக்கும் பத்திரம் எரிந்த இடத்துக்கும் நடந்தால் பதினைந்து நிமிடம். வழியெல்லாம் வீடுகள், கடைகள், தேவாலயங்கள். அத்தனை பேர் குடியிருந்த ஊரில் கூட்டத்தைத் தடுத்து நிறுத்த யாராலும் முடியவில்லை. மடம் கல் கல்லாகப் போனதைப் பற்றி வருந்தியவள் நான். இங்கே போனவை உயிர்கள்.

மாலை ஐந்தரைக்கு மின்ஸ்டரில் பாட்டு வழிபாடு. கட்டணம் கிடையாது, யாரும் போகலாம். பாடகர் பகுதிக்குள் போகும் வழியில், முதலாம் வில்லியம் முதல் ஆறாம் ஹென்றி வரை 15 அரசர்களின் சிலைகள் நிற்கும் கல் தடுப்பு இருக்கிறது. 1829இல் ஜோனதன் மார்ட்டின் என்பவர் இந்தப் பகுதிக்குத் தீவைத்தார். பழுதுபார்க்கும்போது இந்தத் தடுப்பையே இடம் மாற்ற வேண்டும் என்று ஒரு யோசனை எழுந்தது. அதையும் எதிர்த்து வென்றவர் ஓவியர் எட்டிதான். ஓக் மர இருக்கையில் உட்கார்ந்து பாடகர் குழுவின் இளம் குரல்களைக் கேட்டோம். எங்களுக்கு மதம் வேறு, பாட்டின் இலக்கணம் வேறு. ஆனாலும் குரல் மேலே ஏறி, வளைவுகளில் பட்டு, பாடியவர்கள் நிறுத்திய பிறகும் தொடர்ந்ததைக் கேட்க எந்த இலக்கணமும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கல்லும் அந்தக் குரலும் ஒன்றுக்காக ஒன்று இருந்தன. ஃபீல்டனின் எஃகுக் கம்பிகள் எதைத் தாங்குகின்றன என்று அப்போது என் கணவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

திரும்பும் ரயிலில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். அன்று பார்த்தவர்களில் யார் சொன்ன 'வேண்டாம்' கடினமானது என்பது கேள்வி. அவர் ஃபீல்டன் பக்கம். "தப்பா போயிருந்தா அத்தனையும் அவர் தலையில விழுந்திருக்கும். பொறுப்பை ஏத்துக்கிட்டு, வழியும் கண்டுபிடிச்சுக் குடுத்தார். வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டுப் போகல" என்றார். நியாயம்தான். இடிக்காதே என்று சொல்கிறவர், எப்படி நிறுத்திவைப்பது என்றும் சொல்ல வேண்டும் என்பது ஆயுள் முழுக்க அவர் நம்பிய விஷயம்.

நான் மார்கரெட் பக்கம். கல்லுக்காகப் பேசியவர்களுக்குக் காலம் துணைக்கு வந்தது. எட்டிக்குச் சிலை வைத்தார்கள். ஃபீல்டனைப் பாராட்டினார்கள். மார்கரெட் தனியாக நின்றார். ஆன் லிஸ்டரும் ஆன் வாக்கரும் அவர்கள் காலத்தில் வெளியே சொல்லவே முடியவில்லை. ஓர் ஊர் தன் கோபுரங்களைக் காப்பாற்றுவது பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் தான் கொன்றவர்களுக்கும் தான் ஏற்காதவர்களுக்கும் பொது இடத்தில் பெயர்ப்பலகை வைத்து, வருகிறவர்களையெல்லாம் அதை வாசிக்கவைப்பது அதைவிடப் பெரிய காரியம் என்று அவரிடம் சொன்னேன். மதிலைக் காப்பதற்குக் கல்லும் சுண்ணாம்பும் பணமும் போதும். தன் தவற்றைக் காத்துவைக்க ஓர் ஊருக்கு மனசாட்சி வேண்டும். யார்க்கில் அந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்தோம். அதனால்தான் எத்தனையோ அழகான ஊர்களைப் பார்த்த பிறகும், மரியாதைக்குரிய ஊர் எது என்று யாராவது கேட்டால் நான் யார்க்கின் பெயரைச் சொல்கிறேன்.